பில்லில் ‘பவளம்’னு எழுதினா போதுமா?

பவளம்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? சிலருக்கு மோதிரத்தில் பதித்த சிவப்புக் கல். சிலருக்குப் பாட்டி கழுத்தில் கிடந்த மாலை. மெரைன் பயாலஜி வீடியோ பார்க்கிறவர்களுக்கு மன்னார் வளைகுடாவில் இருக்கும் பவளப்பாறை. தமிழில் இது எல்லாத்துக்கும் ஒரே பெயர்தான். உண்மையில் இவை வேறு வேறு உயிர்கள். ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

“அதனால என்ன, பேர்ல என்ன இருக்கு?”ன்னு கேட்பீங்க. இந்த விஷயத்தில் நிறைய இருக்கு என்பதுதான் என் கட்சி. நகைக்குப் பயன்படும் ஆழ்கடல் பவளத்துக்கு விஞ்ஞானி ஒரு பெயர் வைத்திருக்கிறார், வியாபாரி ஒரு பெயர், சட்டம் ஒரு பெயர். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. அந்த இடைவெளியில் கடலுக்கடியில் இருக்கும் ஒரு உயிர் காலியாகிக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்வதில் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. எப்படின்னு கடைசியில் வரும்.

முதலில், இது என்ன?

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. பாலிப் எனப்படும் குட்டி விலங்குகள் ஆயிரக்கணக்கில் கூட்டாக வாழும் ஒரு காலனி. அந்தக் காலனிக்கு நடுவில் எலும்பு மாதிரி ஒரு தண்டு உருவாகிறது. மக்னீசியம் கலந்த கால்சைட் அது. அந்தத் தண்டை அறுத்து, உருட்டி, மெருகேற்றினால் நகைக்கடைப் பவளம்.

பவளப்பாறை கட்டும் பவளங்களின் பாலிப்புக்குக் கரங்கள் ஆறு அல்லது ஆறின் மடங்கு. நகைப் பவளத்தின் பாலிப்புக்கு எட்டே எட்டு. பாறை கட்டுபவை பெரும்பாலும் உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிறவை. அதனால் வெளிச்சம் உள்ள ஆழமில்லாத கடலில் வளர்கின்றன. நகைப் பவளத்துக்கு அந்தப் பாசி கிடையாது, வெளிச்சமும் தேவையில்லை. நீரோட்டத்தில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்று, இருட்டில், பாறைச் சரிவுகளில் சில நூறு மீட்டர் ஆழம் வரைக்கும், சில வகைகள் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயும் வாழ்கின்றன.

வளரும் வேகத்தைக் கேட்டால்தான் திக்கென்று இருக்கும். மத்திய தரைக்கடலின் சிவப்புப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் முதல் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் தடிக்கிறது. அங்கே சட்டப்படி எடுக்கலாம் என்று அனுமதித்திருக்கும் குறைந்தபட்ச அடித்தடிமன் 7 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்க, இருபதிலிருந்து முப்பது வருஷம் வருகிறது. நம்ம வயசு, அல்லது அதற்கும் மேல். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கிளைக்கு இது.

நம்ம ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பழசு. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம்ம பக்கத்து முத்து அங்கே போயிற்று, அவங்க பக்கத்துப் பவளம் இங்கே வந்தது. இன்றைக்கும் செவ்வாய்க்கு உகந்தது என்று மோதிரத்தில் பதிக்கும் அசல் பவளம் பெரும்பாலும் மத்திய தரைக்கடலிலிருந்தோ ஜப்பான், தைவான் பக்கத்துக் கடலிலிருந்தோ வருவதுதான்.

ஒரே உயிருக்கு எத்தனை பெயர்!

பழைய ஐரோப்பாவில் பவளத்தைச் செடி என்றார்கள். தண்ணீருக்குள் மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் கல்லாகிவிடும் என்று நம்பினார்கள். 1706 வாக்கில் மார்சிக்லி என்ற இத்தாலியர், அப்போதுதான் எடுத்த கிளையைக் கடல்நீரில் வைத்துப் பார்த்தபோது எட்டு இதழுள்ள வெள்ளைப் ‘பூக்கள்’ விரிந்தன. செடிதான் என்பதற்குச் சாட்சி கிடைத்தது என்று எல்லாரும் திருப்தி அடைந்தார்கள். 1720களில் மார்சேய் நகரத்து மருத்துவர் பெய்சோனல், அது பூ இல்லை, பூச்சி மாதிரி ஒரு விலங்கு என்று சொன்னார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் அந்தக் கருத்தை எடுத்து வைத்தவர் ரியோமூர். வெப்பநிலை அளவையில் பெயர் வருமே, அதே ரியோமூர்தான். இதைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று பெய்சோனலின் பெயரையே அவர் சொல்லாமல் விட்டார். எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வி அப்போதே இவ்வளவு பெரிய மானப் பிரச்சினை.

அடுத்து வந்தவர் லின்னேயஸ். 1758-ல் இதற்கு மாட்ரெபோரா ரூப்ரா என்று பெயர் வைத்தார். மாட்ரெபோரா என்பது பாறைப் பவளங்களுக்கான பெட்டி. 1766-ல் பல்லாஸ் அதை ஐசிஸ் என்ற இன்னொரு பெட்டிக்கு மாற்றினார். கடைசியில் நிலைத்தது கொராலியம் ரூப்ரம். இன்றைக்கு ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயரைப் பார்த்தால், பின்னால் லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. “முதலில் வைத்த பேரினப் பெயர் இது இல்லை, பின்னால் மாற்றப்பட்டது” என்று அதற்கு அர்த்தம். நம்ம ஆட்கள் வெர்ஷன் ஹிஸ்டரி கண்டுபிடிப்பதற்கு ரொம்ப நாள் முன்பே, ஒரு ஜோடி அடைப்புக்குறியில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போ ஜப்பான் பக்கம் வருவோம். அங்கே மீனவர்கள் நிறத்தை வைத்து மூன்று பெயர் சொல்வார்கள். அகா சாங்கோ சிவப்பு, மோமோ சாங்கோ பீச் பழ நிறம், ஷிரோ சாங்கோ வெள்ளை. விஞ்ஞானப் பெயர்களில் இவை கொராலியம் ஜப்போனிகம், கொராலியம் எலேஷியஸ், கொராலியம் கொனோஜோய். எலேஷியஸ் 1882-ல் பெயர் பெற்றது. மற்ற இரண்டுக்கும் 1903-ல் பெயர் வைத்தவர் கிஷினோயே என்ற ஜப்பானிய விலங்கியலாளர்.

2003-ல் பேயர், கெய்ர்ன்ஸ் என்ற இரண்டு நிபுணர்கள் இந்தக் குடும்பத்தை மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்தார்கள். பவளத்தின் தோலில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சுண்ணாம்புத் துகள்கள் இருக்கும், ஸ்கிளரைட் என்பார்கள். சில வகைகளில் அந்தத் துகள் நாடகம் பார்க்கும் குட்டி பைனாகுலர் வடிவில் இருந்தது. தண்டில் நீளவாக்கில் பள்ளங்களும் இருந்தன. சரி, இது தனிப் பேரினம் என்று பாராகொராலியம் என்ற புதுப் பெட்டியைத் திறந்து, ஜப்போனிகத்தை அதில் போட்டார்கள்.

பிறகு டி.என்.ஏ வந்தது. 2012-லிருந்து 2015 வரை அமெரிக்கா, கொலம்பியா, தைவான் ஆய்வாளர்கள் அடுத்தடுத்து வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஜப்போனிகம் மறுபடி கொராலியத்துக்கே திரும்பியது. பாராகொராலியம் என்ற பெட்டி மூடப்பட்டது. மாறாக, கொராலியத்திலேயே இருந்த எலேஷியஸும் கொனோஜோயும் புளூரோகொராலியம் என்ற வேறு பேரினத்துக்குப் போயின. அந்தப் பெயரும் புதுசில்லை. 1867-ல் கிரே வைத்து, பின்னால் வந்தவர்கள் தேவையில்லை என்று தூக்கி வைத்த பெயர். தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு 2022-ல் எட்டுக்கரப் பவளங்கள் முழுவதையும் இரண்டே வரிசைகளாகத் திருத்தி அமைத்தார்கள். மேல் தட்டும் மாறிவிட்டது.

இதைப் படிக்கும்போது “இவங்களுக்கே ஒரு முடிவு இல்லையே”ன்னு தோன்றும். அப்படி நினைக்க வேண்டாம். ஒரு விஞ்ஞானப் பெயர் என்பது வெறும் லேபிள் இல்லை. ‘இது இன்னதோடு நெருங்கிய சொந்தம்’ என்ற ஒரு கருதுகோள். புது ஆதாரம் வந்தால் அது மாறத்தான் வேண்டும். 1882-லும் 1903-லும் பெயர் வைத்த அந்தச் சிற்றினங்கள் அப்படியேதான் இருக்கின்றன. யாருடைய வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் மாறியது.

வியாபாரியின் பெயர்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் டோரே டெல் கிரேகோ என்று ஒரு ஊர். பவளம் செதுக்குவதற்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே ஜப்பானிய அடர்சிவப்புக்கு மோரோ, எலேஷியஸுக்கு செரசுவோலோ என்று பெயர். வெளிர் இளஞ்சிவப்பை ‘தேவதைத் தோல்’ என்பார்கள். மத்திய தரைக்கடல் பவளத்துக்கு சார்டீனியா தீவின் பெயர். நம்ம ஊர்க் கடைகளில் ‘இத்தாலியன்’, ‘ஜாப்பனீஸ்’.

இந்தப் பெயர்களில் நிறம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ரகம் இருக்கிறது. விலை பேச இவ்வளவு போதும். ஆனால் எந்த உயிர், எந்தக் கடல், எத்தனை வயசு என்பது இதில் இல்லை. ‘இத்தாலியன்’ என்பது இத்தாலிக் கடலில் எடுத்ததா, இத்தாலியில் செதுக்கியதா? ஜப்பானில் எடுத்ததும் இத்தாலிப் பட்டறைக்குப் போகிறதே! அப்புறம் மூங்கில் பவளம் என்று முற்றிலும் வேறு குடும்பம் ஒன்று உண்டு. வெள்ளையாக இருக்கும். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் அதுவும் ‘பவளம்’தான். பில்லில் எழுதும் சொல் அதேதான். பொய் சொன்னதாகவும் ஆகாது.

சட்டத்தின் பெயர்கள்

அழியும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2007-ல் ஹேக் மாநாட்டில் கொராலியம் பேரினத்தை இரண்டாம் பட்டியலில் சேர்க்க அமெரிக்கா கேட்டது. குழுவில் ஏற்றுக்கொண்டு, பொது அமர்வில் மறுபடி எடுத்து நிராகரித்தார்கள். 2010 தோஹா மாநாட்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து குடும்பம் முழுவதையும் சேர்க்கக் கேட்டன. ஆதரவு ஓட்டு அதிகம்தான், ஆனால் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், 2008-ல், சீனா தன் பங்குக்கு நான்கு சிற்றினங்களை மூன்றாம் பட்டியலில் போட்டது. அவற்றை ஏற்றுமதி செய்ய எங்கிருந்து வந்தது என்ற சான்றிதழாவது வேண்டும். அந்தப் பட்டியலில் கொனோஜோய் என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய் ‘கொன்ஜோய்’ என்று ஏறியது. டேட்டாபேஸ் லேபில் ஜாயின் போட்டு ரிசல்ட் பூஜ்யம் வந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

அந்த விவாதங்களில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்று. மெருகேற்றிய மணியைப் பார்த்து எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியாது. இது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆதரித்தவர்கள், “பிரிக்க முடியாது, அதனால் குடும்பம் முழுவதையும் சேருங்கள்” என்றார்கள். எதிர்த்தவர்கள், “பிரிக்க முடியாது, அதனால் அமல்படுத்தவே முடியாது, விடுங்கள்” என்றார்கள். இரண்டாவது வாதம் ஜெயித்தது.

நான் முதல் கட்சி. ஒரு உதாரணம் போதும். 2010 மனுவில் கொராலியம், பாராகொராலியம் என்று இரண்டு பேரினப் பெயரைக் குறிப்பிட வேண்டியிருந்தது. ஐந்தே வருஷத்தில் ஒன்று செல்லாமல் போயிற்று, இன்னொன்று உடைந்து பிரிந்தது. ஆனால் கொராலிடே என்ற குடும்பப் பெயர் அப்படியே இருக்கிறது. சட்டம் நிலையான தட்டில் எழுதப்பட வேண்டும், நுணுக்கமான தட்டை இணைப்பில் வைத்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் இருக்க வேண்டியதை யாராவது ஹார்ட்கோட் பண்ணுவார்களா?

நம்ம நாட்டிலும் இதே கதை உண்டு. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறைப் பவளம், கரும்பவளம் இவற்றோடு ‘கார்கோனியன் அனைத்தும்’ என்று கடல் விசிறிகளையும் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் கார்கோனியன் என்பது வகைப்பாட்டில் எப்போதோ கைவிடப்பட்ட வரிசை. அதற்குள் எது வரும், எது வராது என்று இரண்டு வக்கீல்கள் நாள் முழுக்கப் பேசலாம்.

பெயர் வைக்கும் முன்பே காலியானது

இதில் உண்மையாக இழப்பது என்ன என்று பார்ப்போம். வட பசிபிக்கில் ஹவாய்த் தீவுகளுக்கு வடமேற்கே எம்பரர் என்ற கடலடி மலைத்தொடர் இருக்கிறது. 1965-ல் அங்கே ஜப்பானியர் பெரிய இளஞ்சிவப்புப் பவளப் பரப்பைக் கண்டார்கள். கல்லும் வலையும் கட்டிக் கடல்தரையில் இழுத்து வாரினார்கள். 1970களின் கடைசியில் அதைவிட ஆழத்தில், 1000 மீட்டர் அளவில், இன்னொரு வகை கிடைத்தது. சந்தையில் அதற்கு ‘மிட்வே’ பவளம் என்று பெயர். விஞ்ஞானக் கட்டுரைகளில் அதற்குப் பெயரே இல்லை. ‘கொராலியம், புதுச் சிற்றினம்’ என்று மட்டும் குறித்தார்கள். உலக அளவில் பவள அறுவடை 1984-ல் சுமார் 450 டன்னைத் தொட்டது. 1990-ல் 40 டன்னாக விழுந்தது. தேவை குறைந்து விழுந்ததில்லை, எடுக்க மிச்சமில்லாமல் விழுந்தது. ஒரு உயிருக்குப் பெயர் வைத்து முடிப்பதற்குள் அதன் பரப்பை வாரி முடித்துவிட்டோம். கட்டுப்படுத்த நினைத்தாலும் எந்தப் பெயரில் கட்டுப்படுத்துவது?

அது அந்தக் காலம் என்று விட முடியாது. 2014 அக்டோபர் கடைசியில் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளைச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட சீனப் படகுகள் சிவப்புப் பவளத்துக்காகத் திரண்டு நின்றன. ஜப்பான் அபராதத்தைப் பல மடங்கு உயர்த்த வேண்டியதாயிற்று.

சரி, என்ன செய்யலாம்?

“டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தால் போச்சு”ன்னு யாராவது சொல்வீங்க. முடியும். 2020-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் நகையில் பதித்த பவளத்திலிருந்தே சில மில்லிகிராம் தூள் எடுத்து வகை சொல்லிக் காட்டினார்கள். ஆனால் எட்டுக்கரப் பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ ரொம்ப மெதுவாகத்தான் மாறுகிறது. பிழை திருத்தும் மரபணு ஒன்று அதற்குள்ளேயே இருப்பதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதனால் நெருங்கிய சிற்றினங்கள் சிலவற்றை அந்த டெஸ்டும் பிரிப்பதில்லை. ஒவ்வொரு மணிக்கும் டெஸ்ட் எடுப்பதும் நடக்கிற காரியமில்லை.

கொஞ்சம் இன்ஜினியர் மாதிரி யோசிங்க. தகவல் எங்கே தொலைகிறது? கடலிலிருந்து எடுக்கும்போது பவளம் முழுக் கிளையாக, தோலோடு, பாலிப்போடு, ஸ்கிளரைட்டோடு வருகிறது. எந்த இடம், எந்த ஆழம் என்பது படகுக்காரருக்குத் தெரியும். வகை சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஏலத்தில் அது எடையாகவும் நிறமாகவும் மாறுகிறது. பட்டறையில் மணியாகிறது. கடையில் ‘பவளம்’ என்ற ஒற்றைச் சொல்லாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு காலம் அழிந்து, கடைசியில் வெறும் விலை மட்டும் மிஞ்சுகிறது. அழித்துவிட்டு, பிறகு லேபில் போய் மீட்டெடுக்கப் பார்க்கிறோம்.

அதனால் என் யோசனை எளிமையானது. பெயரை முதல் படியிலேயே பதிவு செய்து, பில் வரைக்கும் கூடவே அனுப்பணும். வகை, கடல், எடுத்த ஆண்டு, இந்த மூன்றும் போதும். டி.என்.ஏ டெஸ்டை, பதிவு உண்மையா என்று அங்கங்கே மாதிரி எடுத்துச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம். பெயர் மாறுமே என்ற பயமும் வேண்டாம். உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் உண்டு. பழைய பெயரின் எண்ணைத் தேடினால் இன்றைய பெயருக்குக் கொண்டுபோய் விடும். நம்ம பாஷையில் பிரைமரி கீ. பில்லில் எண்ணைப் போட்டால், விஞ்ஞானி இன்னும் பத்துத் தடவை வீடு மாற்றினாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை.

“சின்னக் கடைக்காரர் லத்தீன் பெயரெல்லாம் எழுதுவாரா?” நியாயமான கேள்வி. ஆனால் இதே கடைக்காரர்தான் தங்க நகையில் ஹால்மார்க்கும் அடையாள எண்ணும் இருக்கிறதா என்று இன்று காட்டுகிறார். ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியபோது முடியாது என்றுதான் முதலில் பேச்சு வந்தது. பாரத்தைச் சின்னக் கடைக்காரர் தலையில் வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் முதல் படியில் பதிவு செய்யச் சொல்கிறேன். அவர் மேலிருந்து வருவதை அப்படியே கீழே கொடுத்தால் போதும்.

கேட்கிறவர்கள் இல்லாமல் இது எதுவும் வராது. இங்கேதான் நீங்க வர்றீங்க. வீட்டில் அடுத்த தடவை யாருக்காவது பவள மோதிரம் வாங்கப் போனால் கூடப் போங்க. மூணு கேள்வி கேளுங்க. இது எந்த வகை? எந்தக் கடலில் எடுத்தது? சாயமோ மெழுகோ ஏற்றியிருக்கா? முதல் தடவை கடைக்காரர் முழிப்பார். “அசல்தாம்பா, நம்பி வாங்கு” என்பார். கோபப்பட வேண்டாம், அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாவது ஆள் அதே கேள்வியைக் கேட்கும்போது அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டெண்டன்ஸ் சிஸ்டமும் லைப்ரரி மேனேஜ்மெண்ட்டும் செய்து சலித்துவிட்டதா? கடலில் இருந்து கடை வரைக்கும் ஒரு பெயர் தொலையாமல் வர ஒரு பதிவு முறையை யோசித்துப் பாருங்க. ஸ்கிளரைட் படத்தைப் பார்த்து வகை சொல்லும் ஒரு மாடலையும் முயற்சிக்கலாம். இருபது முப்பது வருஷம் இருட்டில் வளர்ந்த ஒன்றுக்கு, அது யார் என்று பில்லில் ஒரு வரி எழுதுவது பெரிய செலவில்லை.